எதிர்காற்றின் கணக்கு

சைக்கிள் மிதிக்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரு மனக்குறை உண்டு. போகும்போது காற்று முகத்தில் அடிக்கிறது. சரி, திரும்பும்போது முதுகில் தள்ளிவிடும் என்று பார்த்தால், அந்த உதவி வந்த சுவடே தெரியாமல் வீடு வந்துவிடுகிறது. நாள்கணக்கில் சைக்கிளில் போகிறவர்களிடம் கேட்டால் இன்னும் அடித்துச் சொல்வார்கள்: காற்று எப்போதும் எதிரில்தான். சலிப்பில் எழும் பேச்சு என்று இதை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. நெடுந்தூரச் சவாரிகள் பாதியில் முறிவது ஏன் என்ற கேள்விக்கும் இதே கணக்கில்தான் விடையின் பெரும்பகுதி கிடைக்கிறது.

லேண்ட்ஸ் எண்ட் முதல் ஜான் ஓ குரோட்ஸ் வரை

பிரிட்டனின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் இருக்கிறது லேண்ட்ஸ் எண்ட். வடகிழக்கு மூலையில், ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் இருக்கிறது ஜான் ஓ குரோட்ஸ். இரண்டுக்கும் இடையே வழக்கமான சாலை வழியில் 1,407 கிலோமீட்டர். லாரிகள் ஓடும் பெருஞ்சாலைகளைத் தவிர்த்துக் கிராமத்துச் சாலைகளில் வளைந்து போகும் சைக்கிள்காரர்களுக்கு அது ஏறக்குறைய 1,600 ஆகிவிடும். புற்றுநோய் ஆய்வுக்கும் மருத்துவமனைகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் பணம் திரட்ட இந்த வழியில் ஆண்டுதோறும் பலர் கிளம்புகிறார்கள். உறவினரும் நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் முன்கூட்டியே ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொள்வார்கள். அதை நம்பிச் சைக்கிள்காரர் மிதிப்பார். இதை இங்கே நன்கொடைச் சவாரி என்று அழைக்கலாம். கிரிக்கெட் வீரர் இயன் போத்தம் 1985-இல் ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்காக இதே இரு முனைகளுக்கு இடையே வடக்கிலிருந்து தெற்காக நடந்தே கடந்தார். அதன் பிறகு இந்தப் பாதையின் புகழ் இன்னும் பரவியது.

சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலோர் போத்தமுக்கு நேர்மாறாகத் தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள். பிரிட்டனில் காற்று அதிகமும் தென்மேற்கிலிருந்து வீசுவதுதான் காரணம். கலிஃபோர்னியாவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக நடந்துவந்த புகழ்பெற்ற ஏழு நாள் சவாரியும் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கித் தெற்கே லாஸ் ஏஞ்சலிஸில் முடிந்தது. அந்தக் கடற்கரையில் காற்று வடமேற்கிலிருந்து வருகிறது. ஆனால் அதிகமும் வீசும் காற்று என்பது சராசரியைக் குறிக்கும் பேச்சு. சராசரி ஆண்டுக்குரியது, சைக்கிள்காரருக்கு வாய்ப்பது பத்துப் பன்னிரண்டு நாள்தான். அந்த நாள்களில் காற்று வடக்கிலிருந்து அடித்தால் யாரிடமும் முறையிட முடியாது.

ஒரே உழைப்பு, மூன்று வேகம்

சமதரையில் சைக்கிளைத் தடுப்பவை இரண்டு. டயர் சாலையில் நசுங்கி உருளும்போது வீணாகும் சக்தி ஒன்று. இதை உருளல் தடை எனலாம். உடம்பு பிளந்துகொண்டு போக வேண்டிய காற்று மற்றொன்று, இது காற்றுத்தடை. உருளல் தடை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. காற்றுத்தடையோ உடம்பில் படும் காற்றின் வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். எடை 70 கிலோ. சைக்கிளும் பையும் 20 கிலோ. பந்தய வீரரைப்போலக் குனியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர். காற்றே இல்லாத நாளில், சமதரையில், மணிக்கு 20 கிலோமீட்டர் போக அவருடைய கால்கள் ஏறக்குறைய 75 வாட் திறன் தர வேண்டும். குண்டு பல்பின் மேல் எழுதியிருக்கும் அதே வாட்தான். உடல்நலமுள்ள ஒருவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடிய உழைப்பு இது.

இப்போது எதிரிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசுகிறது. கொடி படபடக்கும், மரக்கிளை அசையும், அவ்வளவுதான், புயல் கிடையாது. ஆனால் அவர் 20-இல் போனால் உடம்பில் படும் காற்று 40. காற்றுத்தடை நான்கு மடங்கு. பழைய வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் 75 வாட் போதாது. 215 வாட்டுக்குப் பக்கத்தில் தேவைப்படும். பயிற்சி பெற்ற பந்தய வீரருக்கு அது பழக்கமான எண். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டு வார இறுதிகளில் பழகிய ஆளுக்கு அதை ஒரு மணி நேரம் தாங்குவதே பெரும் பாடு. உழைப்பைக் கூட்டாமல் பழைய 75 வாட்டிலேயே மிதித்தால் வேகம் மணிக்கு 11 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் அதே உழைப்புக்கு 32 கிலோமீட்டர் கிடைக்கும்.

புகாரின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் போய், அதே 20 கிலோமீட்டர் பின்காற்றில் திரும்புவதாக வைத்துக்கொண்டால், போக ஒரு மணி 50 நிமிடம், திரும்ப 37 நிமிடம். காற்றில்லாத நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் இரண்டரை மணியை நெருங்கிவிட்டது. காற்று கொடுத்ததும் எடுத்ததும் நேராகவில்லை. அதைவிட முக்கியம், தூரத்தில் பாதிதான் எதிர்காற்று என்றாலும் நேரத்தில் முக்கால் பங்கு அதில் போயிருக்கிறது. மனிதர் தூரத்தை உணர்வதில்லை, நேரத்தைத்தான் உணர்கிறார். எப்போதும் எதிர்காற்று என்று சொல்பவர் தன் அனுபவத்தைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார்.

பக்கவாட்டுக் காற்றுக்கும் இதில் பங்குண்டு. சரியாகத் தோளில் வந்து மோதும் காற்று தள்ளவும் செய்யாது, தடுக்கவும் செய்யாது என்று தோன்றும். உண்மையில் அது உடம்பில் படும் காற்றின் மொத்த வேகத்தைக் கூட்டிவிடுவதால், நம் உதாரணத்து ஆளுக்குக் காற்றுத்தடை 40 சதவீதம் கூடுகிறது. சைக்கிளின் வேகமும் காற்றின் வேகமும் சமமாக இருக்கையில், சுற்றியுள்ள 360 பாகையில் ஏறக்குறைய 200 பாகையிலிருந்து வரும் காற்று எதிரியாகவே வேலை செய்கிறது. சூதாட்டம் தொடக்கத்திலேயே சாய்ந்திருக்கிறது.

குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி மிதித்தால் காற்றுத்தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறையும். நம் ஆள் 11-இலிருந்து 13-க்கு ஏறுவார். பார்க்கச் சிறிய எண். ஆனால் 120 கிலோமீட்டர் நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். பழக்கமில்லாதவர்கள் முன்சக்கரத்தை அடுத்தவர் பின்சக்கரத்தில் உரசி விழுவதும் இங்கேதான் நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேடு பேரம் பேசாது

எதிர்காற்றில் மெதுவாகப் போகும் உரிமையாவது இருக்கிறது. செங்குத்தான மேட்டில் அதுவும் கிடையாது. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் நம் ஆள் 75 வாட்டில் மிதித்தால் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் வரும். அந்த வேகத்தில் சைக்கிள் நிற்காது, சாய்ந்துவிடும். விழாமல் போக மணிக்கு ஏழு கிலோமீட்டராவது வேண்டும் என்றால் 150 வாட் கொடுத்தே ஆக வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது இன்னொரு வழி. அதில் ஒரு குறையும் இல்லை, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம் ஒன்றைத் தவிர.

லேண்ட்ஸ் எண்டில் கிளம்புகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் முதல் நாளே காத்திருக்கிறது. கார்ன்வாலும் அடுத்துள்ள டெவனும் உயர்ந்த மலைகளுக்குப் பேர்போனவை அல்ல. ஆனால் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் சட்டென்று இறங்கி உடனே செங்குத்தாக ஏறும் குறுகிய சாலைகள் அங்கே அடுத்தடுத்து வரும். ஸ்காட்லாந்தின் கணவாய்கள் உயரம் கூடியவையானாலும் சாய்வு மெல்லியது. வரைபடத்தில் வடக்கின் மலைகளைப் பார்த்துப் பயந்தவர்கள் தெற்கில் தொடை கழன்றுபோய் நிற்பது இதனால்தான்.

கையிருப்பும் வைப்புநிதியும்

தொடைத் தசைக்கு இரண்டு எரிபொருள்கள். ஒன்று கொழுப்பு, மற்றொன்று கிளைக்கோஜன். கிளைக்கோஜன் என்பது சர்க்கரைத் துகள்கள் கிளைகிளையாகக் கோக்கப்பட்ட சேமிப்பு வடிவம். சேமிப்புச் சர்க்கரை என்று சொன்னால் போதும். தசைகளில் ஏறக்குறைய 400 கிராமும் கல்லீரலில் 100 கிராமும் இருக்கும். மொத்தம் 2,000 கலோரி. கொழுப்போ ஒல்லியான ஆளிடம்கூடப் பல பத்தாயிரம் கலோரிக்கு இருக்கிறது. கொழுப்பு வங்கியில் போட்ட வைப்புநிதி. எவ்வளவு இருந்தாலும் அவசரத்துக்கு வராது. சேமிப்புச் சர்க்கரை சட்டைப்பையில் இருக்கும் ரொக்கம். மெதுவாக மிதிக்கும்போது உடம்பு பெரும்பாலும் கொழுப்பை எரித்தே சமாளித்துவிடும். உழைப்பு கூடக் கூடக் கொழுப்பு எரியும் வேகம் ஈடுகொடுக்காமல், செலவு ரொக்கத்தின் மேல் விழுகிறது.

இங்கே நம் உதாரணத்து ஆளை ஒரு முழு நாளுக்கு ஓடவிட்டுப் பார்க்கலாம். திட்டம் 120 கிலோமீட்டர். காற்றில்லாவிட்டால் ஆறு மணி நேரம், 75 வாட், மிதிப்பதற்கான செலவு 1,600 கலோரி. எதிர்காற்று நாளில் பொறுமையாக 75 வாட்டிலேயே போனால் 11 மணி நேரம், 3,000 கலோரி. பொறுமை இல்லாமல், அதாவது எல்லோரும் உண்மையில் செய்வதுபோல, கொஞ்சம் அழுத்தி 140 வாட்டில் போனால் வேகம் 16; நேரம் ஏழரை மணி; செலவு 3,800 கலோரி. அழுத்தியதால் மூன்றரை மணி நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் இந்த 3,800-இல் ரொக்கத்திலிருந்து போன பங்கு பொறுமையாகப் போயிருந்தால் ஆகியிருப்பதைவிடப் பெரியது.

சாப்பிட்டு ஈடுகட்டலாமே என்றால் அதற்கும் வரம்பு உண்டு. குளுக்கோஸ் ஒன்றை மட்டும் சாப்பிட்டால் குடல் மணிக்கு ஏறக்குறைய 60 கிராம்தான் ரத்தத்துக்கு அனுப்பும். பழச்சர்க்கரையும் கலந்திருந்தால் 90 கிராம் வரை போகலாம், காரணம் அது வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் மாவும் இருக்கும். மணிக்கு இரண்டரைப் பழம், அதுவும் பசி எடுக்கும் முன்பே, மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது. இதைச் செய்பவர்கள் குறைவு.

ரொக்கம் தீர்ந்தால் நடப்பதைச் சைக்கிள்காரர்கள் பாங்க் (bonk) அடித்தது என்பார்கள். கால் கனக்கும், குளிர்ந்து வியர்க்கும், கண் இருட்டும். கல்லீரல் இருப்பு குறைந்து ரத்தச் சர்க்கரை இறங்கும்போது முதலில் அவதிப்படுவது மூளை. அதனால் உடன் வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் அடையாளம் வேகக் குறைவு அல்ல, எரிச்சல். வழக்கமாகச் சிரித்துப் பேசுகிறவர் எங்கே திரும்புவது என்று கேட்டதற்கே சீறினால், அவரை ஓரமாக உட்காரவைத்து இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் மனிதர் பழைய ஆளாகிவிடுவார்.

ஏன் மூன்றாம் நாள்

நூறு கிலோமீட்டரைப் பலமுறை ஓட்டிப் பழகியவர், அதே நூறைத் தொடர்ந்து ஓட்டும்போது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ படுத்துவிடுவது பலரையும் குழப்பும். பயிற்சி போதவில்லை என்று அவரே தன்னை நொந்துகொள்வார். பல நேரங்களில் காரணம் பயிற்சிக் குறைவைவிட எளிமையானது.

காலியான தசை, தாராளமாகச் சாப்பிட்டால்கூட மணிக்கு ஐந்து சதவீதம் என்ற அளவில்தான் மறுபடி நிரம்பும். முழுக்க நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். எதிர்காற்றில் தாமதமாகி இரவு ஒன்பதுக்கு விடுதியை அடைகிறார் என்றால் சமையலறை மூடியிருக்கும். பையில் இருக்கும் பிஸ்கட்டைத் தின்று படுத்து, காலை எட்டுக்குக் கிளம்பினால், முந்தின நாள் காலியான தசையில் பாதிகூட நிரம்பியிருக்காது. அன்றைக்குக் காற்றே இல்லாவிட்டாலும் அவர் மெதுவாகத்தான் போவார். அதனால் மறுபடி தாமதம். மறுபடி குறைந்த சாப்பாடு, குறைந்த தூக்கம். முதல் நாள் காற்றின் கடனை மூன்றாம் நாள் கால்கள் கட்டுகின்றன. அந்த மூன்றாம் நாளில் வானம் தெளிவாகவும் சாலை சமதரையாகவும் இருந்தால் இன்றைக்கு என்ன கேடு என்று யாருக்குமே புரியாது.

லட்சக்கணக்கான முறை

காகிதக் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியும். ஒருமுறை வளைத்தால் ஒடியாத விசை, திரும்பத் திரும்ப வந்தால் ஒடித்துவிடுகிறது. பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக் ஒவ்வொன்றும் சக்கரத்தின் அடிப்பக்கம் வரும்போது இழுவை தளர்ந்து, மேலேறும்போது மறுபடி இறுகுகிறது. 1,600 கிலோமீட்டரில் சக்கரம் ஏழரை லட்சம் முறைக்கு மேல் சுற்றும். பின்னால் கேரியரில் பை தொங்கும் சைக்கிளில், பின்சக்கரத்தில், அதிலும் செயின் ஓடும் பக்கத்தில்தான் ஸ்போக் பெரும்பாலும் ஒடியும். அந்தப் பக்கத்து ஸ்போக்குகள்தான் அதிகம் இறுக்கப்பட்டிருப்பவை. ஒன்று ஒடிந்தால் ரிம் கோணி பிரேக் கட்டையில் உரசும். பக்கத்து ஸ்போக்குகளைத் திருகிச் சரிசெய்து அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம், அவசரப்படாமல் இருந்தால்.

முழங்காலும் இதே கணக்கில் சிக்குகிறது. முழுப் பயணத்துக்கு மூன்றரை லட்சம் மிதி. சீட் ஒரு விரல் அகலம் தாழ்ந்திருந்தால் உள்ளூர்ச் சவாரியில் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் நாளில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். கைப்பிடியில் உள்ளங்கை நாள்கணக்கில் அழுந்தினால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகும்; அந்த இரு விரல்களுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்தில் தோலுக்கு அருகில் ஓடுகிறது. சட்டைப் பட்டன் போட முடியாத அளவுக்குச் சிலருக்குப் போய்விடும். பெரும்பாலும் ஓய்வில் சரியாகும்.

இதன் உச்சம் கழுத்தில் தெரியும். 1983-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்குத் தலையை நிமிர்த்தும் கழுத்துத் தசைகள் அடியோடு ஓய்ந்தன. அதிலிருந்து அந்தக் கோளாறுக்கே ஷெர்மர் கழுத்து என்று பெயர். 2018-இல் மைக்கேல் பிராட்வித், லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ குரோட்ஸ் வரை 43 மணி 25 நிமிடத்தில் கடந்து சாதனை படைத்தபோது, அவருக்கும் ஸ்காட்லாந்தில் இதே நிலை. ஒரு கையால் தாடையைத் தாங்கித் தலையைத் தூக்கிப் பிடித்தபடி மிதித்தார். கால்கள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பஞ்சர்

பஞ்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளில் அது கூடுவதற்குக் காரணம் உண்டு: நீர் கண்ணாடித் துணுக்குகளையும் முள்ளையும் சாலையின் ஓரத்துக்கு, அதாவது சைக்கிள் போகும் இடத்துக்கே அடித்துக்கொண்டு வருகிறது, ஈரமான ரப்பர் கூரிய பொருளுக்கு எளிதில் வழிவிடுகிறது. டியூபில் இரட்டை ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் முள் குற்றவாளி இல்லை. காற்றுக் குறைந்த டயர் குழியில் இறங்கி, ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ஒற்றை ஓட்டை இருந்தால் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் புது டியூப் மாட்டுவது வீண். உள்ளே நிற்கும் முள் ஐந்தாவது கிலோமீட்டரில் அதையும் குத்தும். அவசரத்தில் விடப்படுவது இந்தத் தடவிப் பார்த்தல்தான். சொல்யூஷன் காயும் முன் பேட்ச்சை ஒட்டுவதும் அதே அவசரத்தின் வேலை.

மனத்தின் பங்கு

உடம்பின் கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடுவதில்லை. 2004-இல் பர்மிங்ஹாமில் நடந்த ஒரு சோதனையில், சைக்கிளோட்டிகள் மாவுச்சத்துக் கரைசலை விழுங்காமல் வாயில் கொப்பளித்துத் துப்பினார்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் அவர்கள் ஏறக்குறைய மூன்று சதவீதம் வேகமாக முடித்தார்கள். தசைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. சாப்பாடு வருகிறது என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போயிற்று. 2009-இல் வேல்ஸில் சாமுவேலே மார்கோராவும் உடன் ஆய்வாளர்களும் 16 பேரை ஒன்றரை மணி நேரம் கணினித் திரையில் கவனம் பிசகாமல் வேலை செய்யவைத்து, பிறகு சைக்கிளில் ஏற்றினார்கள். ஓய்வாகப் படம் பார்த்துவிட்டு ஏறிய நாளில் சராசரியாக 754 வினாடி தாக்குப்பிடித்தவர்கள், மூளை களைத்த நாளில் 640-இல் நிறுத்தினார்கள். இதயத்திலும் தசையிலும் அந்த வேறுபாட்டை விளக்கும் காரணம் எதுவும் தென்படவில்லை. அதே வேலை கூடுதல் பாரமாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

நன்கொடைச் சவாரியில் இது பெரிதாக வேலை செய்கிறது. வழி தவறிய பதற்றம், விடுதிக்குத் தொலைபேசி, மழையில் வரைபடம் பார்ப்பது, இன்று எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நன்கொடையாளர்களுக்குப் பதில். எல்லாம் தலையில் ஏறும் சுமை. கூடவே இன்னொன்று: பணம் கொடுத்தவர்களுக்காகப் போகிறோம் என்ற எண்ணம் மனிதரைத் தன் அளவைத் தாண்டி இழுத்துச் செல்லும். வலியைப் பொருட்படுத்தாமல் இருக்க அது உதவுகிறது; பொருட்படுத்த வேண்டிய வலியையும் அது மறைத்துவிடுகிறது. முழங்கால் வலியோடு இரண்டு நாள் இழுத்து, ஒரு நாள் ஓய்வில் ஆறியிருக்கக்கூடியதை மாதக்கணக்கில் ஆக்கிக்கொள்வது இப்படித்தான்.

வெற்று நாளை எங்கே வைப்பது

இதுவரை பார்த்தவற்றில் காற்று, மேடு, முள் இவை தடங்கல்கள். அவற்றைத் தோல்வியாக மாற்றுவது பெரும்பாலும் அட்டவணை. விடுதிகள் முன்பதிவு, முடிவுநாளில் வரவேற்பு, திரும்பும் ரயில் எல்லாம் தேதி குறிக்கப்பட்டிருப்பதால், இழந்த இரண்டு மணி நேரத்தை அன்றே மீட்க வேண்டியிருக்கிறது. மீட்பது என்றால் 75 வாட்டை 140 ஆக்குவது. அதன் விலையை மேலே பார்த்தாயிற்று.

அனுபவமுள்ள அமைப்பாளர்கள் இதற்காகவே பின்னால் ஒரு வண்டியை ஓட்டிவருகிறார்கள். ஒரு பகுதியை வண்டியில் கடந்துவிட்டு மறுநாள் முழுத் தெம்போடு ஏறுகிறவர், முழுத் தூரம் என்ற பிடிவாதத்தை விட்டதற்கு ஈடாகப் பயணத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். தனியாகப் போகிறவர்களுக்கு வண்டி இல்லை. அவர்கள் அட்டவணையில் ஒரு வெற்று நாளை வைக்கலாம். அதைக் கடைசியில் வைப்பதுதான் வழக்கம், மிஞ்சினால் ஓய்வு என்று. கிளைக்கோஜன் கணக்கு வேறு இடத்தைக் காட்டுகிறது. கடைசியில் இருக்கும் வெற்று நாள் நேரத்தை மட்டுமே ஈடுசெய்யும். நான்காம் நாளில், டெவனைத் தாண்டியவுடன் வைத்தால், காலியான தசை நிரம்ப வேண்டிய இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கும், ஸ்போக்கைத் திருகவும் சீட்டை ஒரு விரல் உயர்த்தவும் நேரம் கிடைக்கும், மீதமுள்ள ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் அதன் பின்னால்தான் வருகிறது.